சுவருக்குள் நிற்கும் போலீஸ்காரர்

"பையன் கேட்டா என்ன சொல்லணும்னு தெரியும்ல?" என்று காலையிலிருந்து ஆறாவது தடவையாகக் கேட்டாள் கலைவாணி.

"தெரியும்மா. சமைப்பேன், கோலம் போடுவேன், வெள்ளிக்கிழமையானா கோயிலுக்குப் போவேன்."

"அவ்ளோதான். அதுக்கு மேல வாயத் தொறக்காத."

சுகாசினி நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினாள். அந்தத் தலைக்குள் வேறொரு முடிவு எடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது. இந்த முறை உண்மையைச் சொல்லிவிடுவது. பெண் பார்க்க வருகிறவனிடம், "நான் தினமும் மத்தியானம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை கொள்ளையடிப்பேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவது. அதைக் கேட்டு ஓடுகிறவன் ஓடட்டும்.

இதற்கு முன் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பொழுதுபோக்கு என்னவென்று முதல் ஆள் கேட்டதற்குத் தையல் என்று சொன்னாள். ஊசியில் நூல் கோக்கக்கூட வராத பெண் அவள். இரண்டாவது ஆளிடம் புத்தகம் படிப்பேன் என்றாள். அந்த இரண்டு வரனும் ஜாதகத்தில் தட்டிப் போனது வேறு விஷயம். சொன்ன பொய் மட்டும் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றுகொண்டது. நாளைக்குக் கல்யாணமாகி ஒரு வீட்டுக்குள் போய், ஆசைப்பட்ட ஒன்றைத் திருட்டுத்தனமாகச் செய்துகொண்டு வாழ்வதா? அவளால் முடியாது. இருபத்தெட்டு வயதில் அதை அவள் ஐயம் திரிபற அறிந்துகொண்டிருந்தாள்.

பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் வீடு. பின்கட்டில் இரண்டு தறி. அப்பா கைலாசமும் அம்மாவும் நெய்வார்கள். முன்னறையில் சுகாசினியின் கம்ப்யூட்டர். புடவைக்கு வேண்டிய டிசைனைக் கட்டம் கட்டமாக வரைந்து, தறிக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுப்பது அவள் தொழில். அந்தக் கம்ப்யூட்டருக்குப் போன வருஷம் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டாள். மயிலும் மாங்காயும் வரைய இவ்வளவு பெரிய கார்டு எதற்கு என்று அப்பா கேட்டதற்கு, "மயிலு தோகை விரிக்குதுல்லப்பா" என்று சொல்லி வைத்தாள்.

மயிலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எல்லாம் 'உப்புத்துறை'க்காக.

உப்புத்துறை என்பது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டின் பெயர், அதில் வரும் கற்பனைத் துறைமுக ஊரின் பெயரும் அதுதான். சின்னக் கம்பெனி ஒன்று உருவாக்கியது. சேவல் மாரி என்று மீன் கூடை தூக்கும் ஒருவனை, ஊரையே ஆட்டிவைக்கும் கடத்தல்காரனாக வளர்த்துவிட வேண்டியது ஆடுகிறவர் பொறுப்பு. கதை சொன்னபடிதான் போக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. எந்தத் தெருவிலும் நுழையலாம், எவன் லாரியையும் பிடுங்கிக்கொண்டு ஓடலாம், பேங்கை உடைக்கலாம், ஒன்றும் தோன்றாவிட்டால் கடற்கரையில் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

தப்புகளுக்கும் பஞ்சமில்லை. மூன்றாவது பாலத்தில் வேகமாகப் போனால் கார் ஆகாயத்தில் ஏறிவிடும், ரிவர்ஸில் போனால் ஒன்றும் ஆகாது. மாரியின் முகம் முதலில் வரும், மீசை இரண்டு விநாடி கழித்து வந்து ஒட்டிக்கொள்ளும். வெளியே மழை பெய்தால் வீட்டுக்குள்ளும் பெய்யும். எருமை மாடுகள் கழுத்துவரை தார்ரோட்டில் புதைந்து நிதானமாக அசைபோடும். எல்லாவற்றுக்கும் மேலே, மார்க்கெட் பேங்க் வாசலில் ஒரு போலீஸ்காரர் இடுப்புவரை சுவருக்குள் மாட்டிக்கொண்டு, இராப்பகலாக விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

விளையாட்டு வெளிவந்ததும் எல்லோரும் சேர்ந்து கிழிகிழி என்று கிழித்தார்கள். பத்துக்கு இரண்டு மார்க். இதை ஆடுவதற்குப் பதில் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான். அவன்மேல் சுகாசினிக்கு அப்படி ஒரு கோபம். உப்புத்துறை டீக்கடை பெஞ்சில் அவன் பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பானா? டீ மாஸ்டர் திங்கட்கிழமை மச்சானைத் திட்டுவார், செவ்வாய்க்கிழமை மச்சானுக்காக அழுவார். வலை பின்னும் இரண்டு பெண்கள் போன வாரம் விட்ட சண்டையை இந்த வாரம் அதே இடத்திலிருந்து தொடர்வார்கள். மாரி லாரியில் போனால் சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வருவார்கள். குற்றம் குறை இல்லாத விளையாட்டுகளையும் அவள் ஆடிப் பார்த்தவள்தான். ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி பளபளவென்று இருக்கும், ஒரு மனுஷ வாசனை இருக்காது. உப்புத்துறை ஓட்டையும் உடைசலுமான ஊர், ஆனால் ஊர். அதை அவள் நேசித்தாள். முந்நூற்று நாற்பது மணி நேரம் நேசித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சின்ன காஞ்சிபுரத்துக்காரர்கள். பையன் மணிவண்ணன், முப்பத்தொரு வயது, தினமும் ரயிலில் சென்னைக்குப் போய்வந்து ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். தகப்பனார் இல்லை. தாயார் ரேணுகாம்பாள், இன்றைக்கும் சொந்தமாகத் தறியில் உட்காருகிற பெண்மணி. வரனைக் கொண்டுவந்த சிட்டிபாபு அவர்களுக்கு ஒன்றுவிட்ட உறவு. வந்து உட்கார்ந்ததிலிருந்து கடிகாரத்தைப் பார்ப்பதே அவர் வேலையாக இருந்தது.

"நாலரைக்கு ராகு காலம் ஆரம்பிச்சுடும்பா. நல்லது எதுவா இருந்தாலும் அதுக்குள்ள பேசிடணும்" என்றார்.

சுகாசினி கேசரி கொண்டுவந்து கொடுத்தாள். முந்தைய இரண்டு பேரும் நாகரிகமாக ஒரு ஸ்பூன் கிண்டிவிட்டு வைத்தவர்கள். மணிவண்ணன் தட்டைக் காலி செய்துவிட்டு, ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் சுரண்டிச் சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவள் பார்த்ததைப் பார்த்துச் சங்கடப்பட்டுச் சிரித்தான். அவ்வளவுதான், அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. பிடித்தபிறகுதான் பயமும் வந்தது. எவனோ ஒருவன் ஓடினால் பரவாயில்லை. இவன் ஓடினால் வலிக்கும்.

"ரெண்டு பேரும் போய் ஒரு வார்த்த பேசிட்டு வாங்க" என்று பெரியவர்கள் பின்கட்டுக்கு அனுப்பினார்கள். தறிகள் இரண்டும் துணி போர்த்தி நின்றன. நடுவில் இரண்டு பேர் நிற்கத்தான் இடம்.

"உங்களுக்கு டைம் பாஸ்னா என்ன பண்ணுவீங்க?" என்று அவனே ஆரம்பித்தான்.

சுகாசினி மூச்சை இழுத்துக்கொண்டாள். "கேம் ஆடுவேன். தினமும். கல்யாணத்துக்கு அப்புறமும் ஆடுவேன். மொதல்லயே சொல்லிடணும்னு நெனச்சேன்."

அவன் முகம் சுருங்கவில்லை. "அப்படியா! நல்லதுதானே. எந்த கேம்?"

"உப்புத்துறை."

இப்போது சுருங்கியது. "அந்தக் குப்பையா?"

"குப்பைதான்" என்றாள் அவள், முகமெல்லாம் மலர. "பாலத்துல கார் பறக்குது, எரும ரோட்டுல முழுகுது. பேங்க் வாசல்ல ஒரு போலீஸ்காரரு செவுத்துக்குள்ள நிக்கிறாரு, பாத்திருக்கீங்களா? நான் போறப்ப வர்றப்பல்லாம் அவருக்கு ஒரு ஹாரன் அடிச்சுட்டுத்தான் போவேன்."

"யார் சொன்னாங்க உங்களுக்கு? சிட்டிபாபு மாமாவா?"

"எத?"

அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அவன் கொஞ்ச நேரம் தறிக்கட்டையைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு மெல்லிய குரலில் சொன்னான். "அந்த கேம்ல தப்பு கண்டுபிடிக்கிற வேலை பாத்தது நான்தான். டெஸ்டர். கடைசி வாரம் ஒரு நாளைக்கு நூறு தப்பு வந்துக்கினு இருந்துது. சரி பண்ணிட்டோம்னு புரோகிராம் எழுதறவங்க சொன்னா, நான் மறுபடியும் ஓட்டிப் பாத்துட்டுத்தான் அந்தத் தப்ப லிஸ்ட்ல மூடணும். அந்தப் போலீஸ்காரர மட்டும் பாக்காமயே மூடிட்டேன். அந்தத் தப்போட நம்பர் கூட மறக்கல, ஆயிரத்து நானூத்தி பன்னெண்டு. மொத நாளே அவரு படத்தப் போட்டு ஊரே சிரிச்சுது. என்ன அனுப்பிட்டாங்க. நானா வேலைய விட்டுட்டேன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கேன். இப்ப வேற எடத்துல பேங்க் சாப்ட்வேர் பாக்கறேன்."

இந்த இடத்தில் சுகாசினி ஒரு தப்பு செய்தாள். நெசவுக்காரர் வீட்டுப் பெண் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

நெசவு வீடுகளில் பிடிக்காத புடவையைக் கையில் கொடுத்தால், "நல்லாருக்குது" என்று ஒரு வார்த்தை சொல்லி மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பேச்சு அதோடு முடிந்தது. பிடித்துப் போனால்தான் ஆரம்பிக்கும். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், பின்பக்கம் திருப்பிப் போட்டு, நகத்தால் தடவிப் பார்த்து, இங்கே ஓர் இழை தளர்ந்திருக்கிறது, அங்கே கரை ஒரு மயிரிழை இழுத்திருக்கிறது என்று அரைமணி நேரம் குற்றப்பத்திரிகை வாசிப்பார்கள். நெய்தவரும் மனம் குளிர்ந்து கேட்டுக்கொண்டு நிற்பார். அவ்வளவு நேரம் ஒருத்தர் உற்றுப் பார்த்தாரே, அதைவிட என்ன பாராட்டு வேண்டும்?

உப்புத்துறையை உண்டாக்கினவர்களில் ஒருவன் எதிரில் நிற்கிறான் என்றதும் சுகாசினிக்குத் தலைகால் புரியவில்லை. தனக்குத் தெரிந்த மரியாதையை எல்லாம் அவனுக்குச் செய்தாள். மீசை தாமதமாக வருவதைச் சொன்னாள். வீட்டுக்குள் மழை பெய்வதைச் சொன்னாள். மீன் மார்க்கெட்டில் ஒரே கிழவர் மூன்று கடையில் உட்கார்ந்திருப்பதைச் சொன்னாள். "இன்னொண்ணு சொல்லட்டுமா? கோர்ட்டுல ஜட்ஜுக்கு நாற்காலியே இல்ல, காத்துலதான் ஒக்காந்திருக்காரு!" என்று கைகொட்டிச் சிரித்தாள்.

மணிவண்ணன் ஐந்து வருஷமாகச் சென்னை ஆபீஸ்களில் இருந்தவன். அங்கே தப்பைச் சொன்னால் தப்பு என்றுதான் அர்த்தம்.

"உங்களுக்கு இது காமெடியா இருக்குது" என்றான். "எனக்கு அப்படி இல்லைங்க." அவள் பதில் சொல்வதற்குள் கூடத்துக்குப் போய்விட்டான்.

அவள் பின்னாலேயே வந்தபோது அவன் அம்மாவின் காதில் ஏதோ சொல்லி முடித்திருந்தான். ரேணுகாம்பாள் மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கலைவாணியிடம் திரும்பி, "சரிம்மா, வீட்டுக்குப் போய் போன் பண்றோம்" என்றாள்.

காஞ்சிபுரத்தில் இந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். எந்தப் போனும் வராது. கலைவாணி மகளை எரிக்கிற மாதிரி பார்த்தாள். கைலாசம் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார். சிட்டிபாபு செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

சுகாசினிக்குக் கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் அழுது நிற்கிற பெண்ணா அவள்? பிடித்துப்போன ஒருவனைத் தன் வாயாலேயே புண்படுத்தி அனுப்புவதை அவளால் தாங்க முடியாது. நான் கேலி செய்யவில்லை என்று நூறு தடவை சொன்னாலும் அவன் நம்பமாட்டான். கண்ணால் பார்த்தால்தான் நம்புவான்.

"ஒரு நிமிஷம், யாரும் போவாதீங்க" என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். "பொண்ணு பாக்க வந்தா ஒரு பாட்டு பாடச் சொல்லுவாங்க இல்லையா? எனக்குப் பாட்டு வராது. எனக்கு இதுதான் வரும். பத்து நிமிஷம் பாத்துட்டுப் போங்க."

"சுகாசினி!" என்று கலைவாணி பல்லைக் கடித்தாள்.

"விடு, பாக்கட்டும்" என்றார் கைலாசம். சாப்பாட்டுக்கு அப்புறம் மகள் பின்னால் வந்து நின்று, அந்த லாரியை விட்டுடாதே, இடது பக்கம் போ என்று யோசனை சொல்லுகிற மனுஷர் அவர். ஆட்டத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்பது கலைவாணிக்கு மட்டும்தான் தெரியாது.

கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. உப்புத்துறையில் விடிகாலை. சேவல் மாரி வந்து நின்றான், மீசையும் சற்றுப் பொறுத்து வந்து சேர்ந்தது. மணிவண்ணன் வாசல் நிலையோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், திரையைப் பார்க்கவில்லை. சுகாசினி லாரியை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள். பேங்க் வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தாள்.

"அந்தாளு ஏன் செவுத்துக்குள்ள நிக்கிறான்?" என்று ரேணுகாம்பாள் கேட்டாள்.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அவன் ரகசியம் போய்விடும். "அவரு அங்கதாங்க நிப்பாரு" என்று மட்டும் சொன்னாள் சுகாசினி.

"அதெப்படி நிப்பான்? எவனோ சரியா பாக்காம விட்டிருக்கான். எந்த சோம்பேறிப் பய செஞ்ச வேலையோ."

சுகாசினியின் விரல் விசைப்பலகைமேல் அப்படியே நின்றது. திரும்பி அவனைப் பார்க்கக்கூட அவளுக்குத் தைரியம் இல்லை.

"நான்தாம்மா" என்றான் மணிவண்ணன்.

"என்னடா?"

"அந்த சோம்பேறிப் பய நான்தான். நான் பாக்காம விட்டதுதான் அது. அதனாலதான் வேலை போச்சு. நானா விடல, அனுப்பிட்டாங்க."

திரையில் போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். கைலாசம் மின்விசிறியை ஆராய்ந்தார். சிட்டிபாபு ஒரு கால் செருப்போடு நின்றார்.

"இதுக்காடா ஒரு வருஷமா மூஞ்சத் தூக்கி வெச்சுக்கினு இருந்த?" என்றாள் ரேணுகாம்பாள். கோபப்படுகிறாளா வருத்தப்படுகிறாளா என்று குரலில் தெரியவில்லை. பிறகு சுகாசினி பக்கம் திரும்பினாள். "ஏம்மா, இந்தாளு இங்க நிக்கிறதால உனக்கு எதுனா இடைஞ்சலா?"

"இடைஞ்சலா? இவரு இல்லன்னா இந்த பேங்க்க நான் கொள்ளையடிச்சிருக்கவே முடியாதுங்கம்மா. பாருங்க." மாரியைப் போலீஸ்காரருக்குப் பின்னால் பதுங்க வைத்தாள். நாலு பக்கமிருந்தும் சுட்டார்கள். குண்டுகள் எல்லாம் அவர்மேல் பட்டு உதிர்ந்தன. அவர் விசில் ஊதுவதை நிறுத்தவில்லை. "எட்டு தடவ தோத்துட்டு, ஒன்பதாவது தடவதான் இவரு பின்னால ஒளியலாம்னு கண்டுபிடிச்சேன். அன்னிக்கு எனக்கு சோறே எறங்கல, அவ்ளோ சந்தோசம்."

ரேணுகாம்பாள் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மார்க்கெட்டில் ஒரு பெண் கூடையோடு நடந்துபோனாள். "நிறுத்து, நிறுத்து. இவ கட்டிக்கினு இருக்கறது பட்டா? ரெண்டு பக்கமும் முந்தானை வெச்சிருக்கான் பாரு. கரையில அன்னம் தலைகீழா நீந்துது. ஏம்மா, அவ கிட்டக்கப் போ. மடிப்பே விழல, பலகைய சுத்தின மாதிரி இருக்குது. அதோ போறாளே, அவளுக்கும் அதே பொடவையா? ஊருக்கே ஒரே பொடவைதானா? டீக்கடைக்காரன் வேட்டிய பாரு, காத்தே இல்ல, அவன் வேட்டி மட்டும் பறக்குது!"

அவள் நிறுத்துவதாக இல்லை. முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய், கண்ணைச் சுருக்கி, நகத்தால் கண்ணாடியைத் தட்டித் தட்டி, ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக்கொண்டே போனாள். கலைவாணி கூட மெல்ல நகர்ந்து வந்து, "அந்தக் குடத்துக்கு அடியே இல்லையே" என்று தன் பங்குக்கு ஒன்று சொன்னாள்.

மணிவண்ணன் கட்டியிருந்த கையை அவிழ்த்தான். சின்ன வயதிலிருந்து கேட்ட குரல் அது. தறியிலிருந்து இறங்கிய நல்ல புடவைகளைத் தவிர வேறு எதைப் பற்றியும் அம்மா இந்தக் குரலில் பேசி அவன் கேட்டதில்லை. கேசரி கொடுத்த பெண் பின்கட்டில் கைகொட்டிச் சொன்னதும் இதே குரல்தான் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது, யாரோ தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது.

கிட்டே வந்து நின்றான். "நீங்க இத எத்தன மணி நேரம் ஆடியிருக்கீங்க?"

"முந்நூத்தி நாப்பது."

"நானே அவ்ளோ நேரம் ஆடல." திரையை எட்டிப் பார்த்தான். "ஆடினேன்னும் சொல்ல முடியாது, வேலையாதான் பாத்தேன். வெளிய வந்தப்புறம் ஒரு நாளும் தொறந்ததில்ல. கொஞ்சம் குடுக்கறீங்களா?"

சுகாசினி எழுந்து இடம் கொடுத்தாள். அவன் உட்கார்ந்தான். முதல் வளைவிலேயே லாரியைக் கொண்டுபோய் மீன் கடையில் விட்டான். கூடைகள் பறந்தன, மூன்று கடைக் கிழவர்களும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே வசவைச் சொல்லித் திட்டினார்கள். மணிவண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு ரேணுகாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், துடைத்துக்கொண்டே, "பிரேக்கு எங்கடா இருக்குது, பாத்து ஓட்டு" என்று அதட்டினாள்.

விசில் சத்தம் கூடியது. தெரு முனையில் ஒரு ஜீப் தெரிந்தது, அப்புறம் இரண்டு, அப்புறம் நாலு.

சிட்டிபாபுவுக்குப் பொறுக்கவில்லை. "மணி நாலு இருவது ஆயிடுச்சுபா. இன்னும் பத்து நிமிஷத்துல ராகு காலம். போன் பண்றதா, இங்கயே பேசறதா, ஒண்ணு சொல்லுங்க."

கைலாசம் எழுந்து நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். வந்ததிலிருந்து அந்தப் பையன் அவரை 'சார்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "தம்பி, அப்ப நாங்க என்னன்னு எடுத்துக்கறது?" என்று தயங்கிக் கேட்டார்.

மணிவண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருங்க மாமா, நாலு ஜீப்பு தொரத்துது. தப்பிச்சு வந்து பேசறேன்."

'மாமா' என்றதும் கூடத்தில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சொன்னவனுக்கே தான் சொன்ன சொல் அப்புறம்தான் காதில் விழுந்திருக்க வேண்டும். காது மடல் இரண்டும் சிவந்துபோயின. ஆனால் அவன் அதைத் திருத்தவில்லை. கலைவாணி சிரிப்பை மறைத்துக்கொண்டு, குங்குமச் சிமிழை எடுக்கச் சாமி அறைக்கு ஓடினாள்.

"எடது பக்கம் திருப்புங்க, அங்க ஒரு சந்து இருக்குது" என்றாள் சுகாசினி.